எங்கள் கரையில் இறங்கும் ஒரு காலப் பயணி வேண்டும்: தமிழ் காமிக்ஸ் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் காமிக்ஸ் வெளியிடுகிறவர்களுக்கும், சிறுவர் இதழ் ஆசிரியர்களுக்கும், வாரப் பத்திரிகைகளில் படக்கதைக்குப் பக்கம் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தமிழிலேயே எழுதி, இங்கேயே வரைந்து, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிற இந்தச் சின்னக் கரைக்குள்ளேயே நடக்கிற ஒரு காலப் பயணச் சித்திரக்கதைத் தொடர் வேண்டும். ஒரு தனி இதழோ ஆண்டு மலரில் நாலு பக்கமோ போதாது. வாரம் இரண்டு பக்கம், கடைசிக் கட்டத்தில் 'தொடரும்', அடுத்த வாரம் வரை பிள்ளைகள் அதைப் பற்றியே பேசிக்கொண்டு திரிய வேண்டும், அப்படி ஒரு தொடர்.

மொழிபெயர்ப்புக் கதைகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்ததிலிருந்து இன்றுவரை, எத்தனையோ பேர் சரளமாகத் தமிழ் படிக்கப் பழகியதே அந்த வசன பலூன்களில்தான். சட்டித்தலையன் ஆர்ச்சி என்கிற ரோபோவும் அவன் ஏறிப் போகிற கோட்டை வடிவக் கால யந்திரமும் என் வயதுக்காரர்கள் பலருக்கு இன்னும் மனப்பாடம். ஆனால் அந்தக் கோட்டை ஒரு தடவைகூட எங்கள் கடலூர்க் கெடிலம் ஆற்று முகத்துவாரத்தில் வந்து இறங்கியதில்லை. காலத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்லிவிட்டு, எல்லா யந்திரமும் நம் ஊரைத் தாண்டியே போய்க்கொண்டிருந்தால் எப்படி?

அப்புறம் ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். தமிழில் காலப் பயணம் என்றதும் கை தானாக அரண்மனைப் பக்கம் போகிறது. ராஜா, யானை, போர்க்களம், கோயில் கட்டும் காட்சி. அது வேண்டாம். அரசர்களின் காலத்தை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், இன்னும் எழுதுவார்கள். எனக்கு வேண்டியது ஒரே இடத்தில் நின்றுகொண்டு முன்னும் பின்னும் போகிற கதை. யந்திரம் காலத்தில் மட்டும்தான் நகரும், இடத்தில் நகராது என்று ஒரு விதியை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஏறினால் தேவனாம்பட்டினத்தில்தான் இறங்க வேண்டும். வேறு ஊருக்குப் போக வேண்டுமானால் அந்தக் காலத்தில் என்ன வழி இருந்ததோ அதில்தான் போயாக வேண்டும், நடந்தோ மாட்டு வண்டியிலோ கட்டுமரத்திலோ. இந்த ஒரு விதியே பாதிக் கதையை எழுதிக் கொடுத்துவிடும்.

இந்த விதி படக்கதைக்கென்றே பிறந்த மாதிரி இருப்பதற்குக் காரணம் உண்டு. சினிமாவில் ஒரு காலம் மறைந்தால்தான் இன்னொரு காலம் வரும். காமிக்ஸில் 1690ம் 2004ம் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. படிக்கிற பிள்ளை விரலை வைத்து முந்தின கட்டத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கும். ஒரே கோணம், அதே ஆற்று வளைவு, அதே தொடுவானம், ஆட்களும் கட்டடங்களும் மட்டும் மாறுகிறார்கள் என்று ஒரு ஓவியர் பக்கம் முழுக்க வரைந்தால், வசனம் ஒன்றும் வேண்டாம், என்ன நடக்கிறது என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

சரி, இந்தக் கரையில் அப்படி என்ன இருக்கிறது?

1690இல் இருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள், பிறகு அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதை அளந்தது சங்கிலியோ கயிறோ இல்லை, பீரங்கி. கோட்டையிலிருந்து சுடுகிற குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை அவர்களுக்கு என்று ஒப்பந்தம். பல திசைகளில் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் கைமாறின, அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. இதை அப்படியே கட்டங்களாக நினைத்துப் பாருங்கள். முதல் கட்டம் பீரங்கி வாய். அடுத்த கட்டம் வெறும் வானம், சின்னக் கறுப்புப் புள்ளி. அடுத்தது ஏர் ஓட்டிக்கொண்டிருக்கிறவர் நிமிர்ந்து பார்க்கிறார். அவருக்குத் தன் ஊரின் எல்லை தலைக்கு மேலே பறந்துகொண்டிருப்பது தெரியாது. நம் காலப் பயணிக்குத் தெரியும். அந்தப் பீரங்கியை ஒரு விரற்கடை திருப்பிவிடலாமா என்று கை துறுதுறுக்கும் இடத்தில் 'தொடரும்' போடுங்கள்.

புதுச்சேரிப் பக்கம் போனால் லெ ழாந்தி இருக்கிறார். இவர் கதையை முழுசாகச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. பிரெஞ்சு வானியலாளர். சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கோள் கடந்து போவதைப் புதுச்சேரியிலிருந்து பார்த்துக் கணக்கெடுக்க 1760இல் கப்பல் ஏறினார். அவர் வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது, கப்பல் திரும்பிவிட்டது, 1761 ஜூன் 6 அன்று வெள்ளி கடந்தபோது அவர் நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் இருந்தார். அங்கிருந்து எந்தக் கணக்கும் எடுக்க முடியாது. வெள்ளிக் கடப்பு எட்டு ஆண்டு இடைவெளியில் ஜோடியாக வரும், அதை விட்டால் நூறு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதனால் அவர் ஊருக்குத் திரும்பாமல் கிழக்கிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையில் வானாய்வுக்கூடம் அமைத்து உட்கார்ந்தார். 1769 ஜூன் 4 விடியற்காலை. அதற்கு முந்தின நாட்களில் காலை வானம் நன்றாகத்தான் இருந்தது. அன்று விடியும் நேரத்தில் மேகம் வந்து மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் வந்தது. 1771இல் அவர் வீடு திரும்பியபோது, செத்துவிட்டார் என்று முடிவு செய்து உறவினர்கள் சொத்தைப் பிரிக்கக் கிளம்பியிருந்தார்கள், அறிவியல் கழகத்தில் அவர் இடமும் வேறொருவருக்குப் போயிருந்தது.

நம் காலப் பயணி ஜூன் 3 சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வையுங்கள். நாளைக்கு மேகம் வரும் என்று அவளுக்குத் தெரியும். சொல்வாளா? சொன்னால் அவர் என்ன செய்ய முடியும், ஓர் இரவுக்குள் எங்கே போவார்? அல்லது அவரை யந்திரத்தில் ஏற்றி 2012 ஜூன் 6 காலைக்கு, புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கே கூட்டி வந்துவிடலாமா? அடுத்த கடப்பு 2117 டிசம்பர் 11. அது கார்த்திகை மாதம், வடகிழக்குப் பருவமழைக் காலம். டிசம்பரில் இந்தக் கரையில் வானம் எப்படி இருக்கும் என்று எங்களைக் கேட்டால் சொல்வோம். பாவம் மனிதர், அங்கேயும் மேகமாக இருந்தால்?

இதே லெ ழாந்தி புதுச்சேரியில் இன்னொன்றையும் பார்த்தார். இங்கிருந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கர்கள் காகிதமும் பேனாவும் இல்லாமல் கிரகணத்தைக் கணித்தார்கள், தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமான வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து. 1825இல் வாரன் என்ற அதிகாரியும் புதுச்சேரியில் அப்படி ஒருவரைச் சந்தித்து, சந்திர கிரகணக் கணக்கை அவர் போட்டுக் காட்டியதைத் தன் நூலில் எழுதி வைத்தார். நிலவுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று, ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். காலப் பயணிக்கு முதல் சிக்கல் என்ன? இறங்கிய இடத்தில் இது எந்த ஆண்டு என்று தெரியாது. தெருவில் போகிறவரைக் கேட்டால் விளம்பி, விகாரி என்று அறுபதில் ஒன்றைச் சொல்வார், எந்தச் சுற்று என்று சொல்ல மாட்டார். சோழிக் கணக்கரிடம் போனால் அடுத்த கிரகணம் எப்போது என்று சொல்வார், அதை வைத்து ஆண்டைப் பிடித்துவிடலாம். கதாநாயகிக்குத் துணைப் பாத்திரம் தேடி நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம். திண்ணையில் சோழிப் பையோடு உட்கார்ந்திருக்கிறார்.

கதாநாயகியைப் பற்றியும் எனக்கு ஓர் ஆசை உண்டு. மீனவர் குப்பத்துப் பெண், படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியைப் பழுது பார்க்கத் தெரிந்தவள். இதைச் சும்மா சொல்லவில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளில் இருக்கும் கடிகாரம் தரையில் இருக்கும் கடிகாரத்தைவிட ஒரு நாளைக்கு சுமார் 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். உயரத்தில் ஈர்ப்பு குறைவு என்பதால் 45 கூடுகிறது, செயற்கைக்கோளின் வேகத்தால் 7 குறைகிறது. ஐன்ஸ்டைன் சொன்ன இந்தக் கணக்கைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் இடம் பத்து கிலோமீட்டருக்கு மேல் தப்பிப் போகும், படகு கரைக்கு வந்து சேராது. ஆக, காலம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஓடவில்லை என்பதற்கு ஆதாரம் ராசாப்பேட்டை ஃபைபர் படகு ஒவ்வொன்றிலும் இருக்கிறது. முன்னோக்கிப் போவது இயற்பியல் அனுமதிக்கிற விஷயம், ரொம்பக் கொஞ்சமாக எல்லோரும் செய்துகொண்டிருப்பது. பின்னோக்கிப் போகத்தான் யாருக்கும் வழி தெரியாது. எது நிஜம், எது கற்பனை என்று கதைக்குள்ளேயே நேர்மையாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது சுவையைக் குறைக்காது.

அரிக்கமேட்டுக்கு ஒரு அத்தியாயம், கட்டாயம். 1945இல் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய ஜாடித் துண்டுகள் வந்தன, கண்ணாடி மணி செய்த தடயங்களும் கிடைத்தன. பாரதிக்கு ஒன்று: பத்து ஆண்டு புதுச்சேரியில் இருந்துவிட்டு 1918இல் எல்லையைத் தாண்டியதும் கைதாகி, கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார், நடந்தே போகிற தூரத்தில் இரண்டு அரசாங்கங்கள். நெய்வேலிக்கு ஒன்று, அங்கே சுரங்கத்தில் வெட்டுவது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தின காடு.

ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பை மட்டும் ஒரு அத்தியாயத்தில் முடித்துவிடாதீர்கள். 1736 முதல் 1761 வரை, புதுச்சேரியில் யார் வந்தார், யார் போனார், என்ன விலை, என்ன வதந்தி, கவர்னர் யாரிடம் எரிந்து விழுந்தார் என்று ஒரு மனிதர் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் எப்படிப் பேசினார்கள் என்று வசனம் எழுதுகிறவர்கள் குழம்ப வேண்டியதில்லை, திறந்து படித்தால் போதும். அதில் பல இடங்களில் நாட்கள் விட்டுப் போயிருக்கின்றன. எழுதாததும் உண்டு, எழுதித் தொலைந்ததும் உண்டு. என் யோசனை இது: நம் காலப் பயணி அந்த விட்டுப்போன நாட்களில் மட்டும்தான் இறங்க முடியும். எழுதப்பட்ட நாளுக்குள் போக யந்திரம் விடாது, ஏனென்றால் அது ஏற்கெனவே நடந்து முடிந்து மையில் காய்ந்துவிட்டது. வரலாற்றையும் கெடுக்காமல், கதைக்கும் இடம் கிடைக்கும். நாட்குறிப்புப் பதிப்பை வைத்துக்கொண்டு எந்தெந்த நாட்கள் இல்லை என்று பட்டியல் போடுகிற வேலையை நானே செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்த மடலை எழுத வைத்தது.

இந்தக் கரையில் காலப் பயணக் கதை எழுதினால், எங்கள் பிள்ளைகள் கேட்கப்போகிற முதல் கேள்வி பீரங்கியைப் பற்றியோ வெள்ளிக் கோளைப் பற்றியோ இருக்காது. 2004 டிசம்பர் 26க்குப் போய்ச் சுனாமி வருகிறது என்று சொல்லலாமே, ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்பார்கள். அந்த வருஷத்துக்கு அப்புறம் பிறந்த பிள்ளைகளும் கேட்பார்கள், ஏனென்றால் ஏறக்குறைய ஒவ்வொரு குப்பத்திலும் மாலை போட்ட படங்கள் சுவரில் இருக்கின்றன. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத காலப் பயணக் கதையை எங்கள் ஊரில் வைத்து எழுத உங்களுக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன். அதே நேரம் அலையை ஒரு பிரமாண்டக் காட்சியாக இரட்டைப் பக்கத்தில் வரைந்து விற்கவும் கூடாது. இரண்டையும் தவிர்த்து எப்படிச் செய்வது?

அன்று காலை இந்திய நேரப்படி ஏறக்குறைய ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கம் பூகம்பம். நம் கரைக்கு அலை வந்தது எட்டரை மணிவாக்கில். இரண்டு மணி நேரம் இருந்தது. சொல்ல ஆளில்லை, சொன்னால் கேட்க ஏற்பாடில்லை. சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் இயங்கத் தொடங்கியதே 2007இல்தான். ஆனால் ஒரு ஊருக்குச் செய்தி வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார், செய்தியைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார், எல்லோரும் ஓடுங்கள் என்றார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய தகவல் மையம் இருந்தது, அதில் ஒலிபெருக்கி இருந்தது, வழக்கமாக அதில் கடல் நிலவரம் சொல்வார்கள். அன்று அதில் ஓடச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஜனங்கள் பிழைத்தார்கள்.

நல்லவாட்டுக்காரர்களுக்கு அந்தப் போன் வருங்காலத்திலிருந்து வந்தது. இந்தக் கரைக்கு இன்னும் நடக்காத ஒன்றைத் தெரிந்துகொண்ட ஒருவர் பேசினார், நம்பக்கூடிய குரலில், ஊர் முழுக்கக் கேட்கிற கருவி தயாராக இருந்த இடத்தில். இந்த மூன்றும் சேராமல் எந்தக் காலப் பயணியும் யாரையும் காப்பாற்ற முடியாது. முன்பின் தெரியாத ஒரு பெண் திடீரென்று காலை ஏழு மணிக்குக் கரையில் தோன்றி, கடல் உள்ளே வரும் ஓடுங்கள் என்று கத்தினால், அமைதியாகக் கிடக்கிற கடலைப் பார்த்துவிட்டு யார் ஓடுவார்கள்?

அதனால் அவள் முதல் தடவை தோற்க வேண்டும். கத்துவாள், யாரும் கேட்க மாட்டார்கள். அப்புறம் அவள் இன்னும் பின்னால் போக வேண்டும், ஆண்டுக்கணக்கில் பின்னால். 2005இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று எங்கள் கடலூர் மாவட்டக் கரையைத்தான் எடுத்துப் பார்த்தது: முன்னால் அலையாத்திக் காடோ சவுக்குத் தோப்போ இருந்த ஊர்களில் சேதம் குறைவு. அவள் 1970களில் இறங்கி சவுக்கங்கன்று நடுகிற குழுவில் கூலிக்குச் சேரட்டும். ஒரு ஒலிபெருக்கி வாங்க ஊர்ப் பஞ்சாயத்தில் வருஷக்கணக்கில் பேசிப் பேசிச் சண்டை போடட்டும். அந்த ஊர்ப் பெண்ணாகவே அவள் மாறட்டும். ஒரு நாளில் முடிகிற சாகசமாக இல்லாமல், நிஜமாகவே முப்பது ஆண்டு வாழ்ந்து தீர்க்கிற சாகசமாக அது இருக்கட்டும், யந்திரத்தை மணலில் புதைத்துவிட்டு. கட்டத்துக்குக் கட்டம் அவள் தலை நரைக்க வேண்டும், பின்னணியில் அந்தத் தோப்பு வளர வேண்டும். எத்தனை பேரைக் காப்பாற்றினாள் என்று கணக்குக் காட்டாதீர்கள். அந்தக் காலையில் அவள் ஒலிபெருக்கியை எடுக்கிற கட்டத்தோடு விட்டுவிடுங்கள். அலையை வரையவே வேண்டாம்.

இதை எங்கள் ஊர்க்காரர்களிடம் உட்கார்ந்து பேசாமல் எழுதாதீர்கள். குப்பத்துப் பெண்களிடம் வரைந்த பக்கங்களைக் காட்டி, இது சரிதானா என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொல்கிற கட்டத்தை எடுத்துவிடுங்கள், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும்.

வேலை விஷயம் கொஞ்சம். ஓவியருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒழுங்காகப் பணம் கொடுங்கள், வரையத் தொடங்கும் முன்பே பாதியை. கதை எழுதுகிறவர் பெயரும் ஓவியர் பெயரும் அட்டையில் வரட்டும், உள்ளே பொடி எழுத்தில் வேண்டாம். வண்ணம் தேவையில்லை. கறுப்பு வெள்ளையில் நல்ல கோடு இருந்தால் கடலும் மணலும் தானாக வரும், விலையும் பள்ளிப் பிள்ளை வாங்குகிற அளவில் நிற்கும். ஆடை, படகு, வீடு என்று மாதிரிக்குப் பார்க்க புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்கள் இருக்கின்றன, பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் புகைப்படத் தொகுப்பு இருக்கிறது. வரைய ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, அரிக்கமேட்டுக்குப் பக்கத்திலேயே. ஒரு நாள் நேரில் போய், கடைசி ஆண்டு ஓவிய மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி, ஆளுக்கு இரண்டு பக்கம் மாதிரி வரைந்து காட்டச் சொல்லுங்கள். அந்த மாதிரிக்கும் பணம் கொடுங்கள்.

உங்களில் யாராவது ஒருவர் சரி என்று சொன்னால், நாட்குறிப்பில் விட்டுப்போன நாட்களின் பட்டியலை உடனே தொடங்கிவிடுகிறேன். வேண்டாம் என்றாலும், ஏன் வேண்டாம் என்று உங்கள் இதழிலேயே நாலு வரி எழுதுங்கள், எல்லோரும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகரிலிருந்து ஒரு நெடுநாள் வாசகர்